கணவருக்கு ஒரு தகவல் தாள்

அந்த அச்சகத்தில் அவளுக்குச் சல்லடையக்கா என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவள் காதுக்கு எட்டாத சங்கதி என்று அந்தக் கட்டடத்தில் எதுவும் கிடையாது, இது மட்டும் எட்டாமல் போய்விடுமா?

மருந்துப் பெட்டிகளும், பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தகவல் தாள்களும் அச்சாகிற இடம் அது. மருந்தை வாங்கியதும் நாம் சுருட்டிக் குப்பையில் போடுகிறோமே, அந்தத் தாள்தான். நாம் படிப்பதில்லை. அவள் படிப்பாள். இருபத்தாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, எறும்பு அளவு எழுத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். ஒரு புள்ளி நகர்ந்தால் அரை மில்லி ஐந்து மில்லி ஆகிவிடும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் இயந்திரத்தில் ஏறாது.

அங்கே ஒரு முறை உண்டு. ஒருத்தி மூலப்பிரதியை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருத்தி அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே வரவேண்டும். கமாவையும் முற்றுப்புள்ளியையும் கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உரக்கப் படிக்கிறவளுக்கு வானொலி என்று பட்டப்பெயர். பேதி மருந்தானாலும் பேன் மருந்தானாலும் தலைப்புச் செய்தி வாசிக்கிற கம்பீரத்தோடுதான் படிப்பாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து மனித உடம்பில் ஓர் இடம் பாக்கியில்லாமல் சத்தம் போட்டுப் படித்து முடித்திருந்தார்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு, ஐம்பத்தோராவது வயதில், தன் உடம்பில் ஓர் இடத்தைப் பற்றித் தன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. கதை இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

முதலில் வெறும் அரிப்பு. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது, அதன் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு சுத்தம் போதவில்லை என்று நினைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சோப்பை மாற்றினாள். மருந்துக்கடையில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு படைக் களிம்பு கேட்டாள். யாருக்கு என்றார் கடைக்காரர். வீட்டில் என்றாள். அவர் மேலே கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் களிம்பும் எரிந்ததே தவிர எதையும் ஆற்றவில்லை. ஒரு நாள் குளியலறைக் கதவைத் தாழிட்டு, கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தாள். தோல் வெளுத்துச் சுருங்கி, கசக்கிப் பிரித்த மெழுகுத்தாள் போல் இருந்தது. அங்கங்கே மெல்லிய வெடிப்பு. ஒன்றுக்குப் போனால் எரிந்தது, உட்கார்ந்தால் வலித்தது. தன் உடம்பில் இப்படி ஓர் இடம் தன்னைக் கேட்காமலே மாறியிருக்கிறதே என்று அவளுக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன.

முதலில் பார்த்த மருத்துவருக்கு வயதாகியிருந்தது, அவசரத்துக்கு மட்டும் வயதாகவில்லை. செவிலியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "இந்த ஆயின்மென்ட் போடுங்க, சரியாயிடும்," என்றார். எங்கே, எவ்வளவு, எத்தனை நாள், இதற்குப் பெயர் என்ன, ஒன்றும் இல்லை. அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். மடித்த தாள் மடியில் விழுந்தது. கீழே மூலையில் இருந்த குறியீட்டைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் அச்சகத்துத் தாள். அவளே சரிபார்த்து, அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பியது. பிரிக்காமலே பதினான்காவது வரி அவளுக்கு நினைவு வந்தது. பிறப்புறுப்புப் பகுதியில் பயன்படுத்த வேண்டாம். பதினைந்தாவது வரி, நான்கு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். பதினாறு, தோல் மெலியக்கூடும். வானொலியின் குரலிலேயே கேட்டது, முற்றுப்புள்ளி உட்பட.

வேறு எவளாக இருந்தாலும் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு மருந்தைத் தடவியிருப்பாள். இவள் மருந்தைத் துணி அலமாரியின் கடைசியில் போட்டுவிட்டுத் தாளை வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் பார்த்த மருத்துவரை நம்புவதா, எட்டு முறை படித்துப் பார்த்த தாளை நம்புவதா? அந்தத் தாளில் பிழை இருந்தால் இருபத்தாறு வருடத்து உழைப்பில் பிழை என்று ஆகும். அந்த வீம்பில் இரண்டு வருடம் போயிற்று.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு அவர் வந்து தட்டினால்தான் உயிர் வரும். சும்மா இருக்கத் தெரியாத கை அவருக்கு. அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எங்கேயாவது தொட்டுவிட்டுத்தான் போவார். காதை இழுப்பார், தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுத் தண்ணீர் எடுப்பார், பின்னங்கழுத்தில் கிரீஸ் தடம் வைத்துவிட்டு, தான் வைக்கவில்லை என்று சாதிப்பார். உன் வீட்டுக்காரர் உன்னைக் கைப்பிடிச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று வானொலி கேட்டுச் சிரித்திருக்கிறாள். இவள் சலித்துக்கொள்வாள். சலித்துக்கொள்ள ஒன்று இருந்ததே பாக்கியம் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

படுக்கையில் அவர் நெருங்கினால் முதலில் இன்றைக்கு வேண்டாம் என்றாள். பிறகு தலைவலி என்றாள். ஒரு முறை எதுவும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அழுவற."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

அதற்குப் பிறகு அவர் கை எங்கே பட்டாலும் அவள் உடம்பு விறைத்துக்கொண்டது. காதைத் தொடுகிற கைதானே என்று மனம் சொன்னாலும், அது அங்கிருந்து எங்கே போகும் என்று உடம்பு முன்கூட்டியே பயந்தது. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தோளில் கை வைத்தார். பூச்சியைத் தட்டுவதுபோல் உதறிவிட்டாள். உதறிய பிறகுதான் செய்தது உறைத்தது. அவர் தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளுடைய அறைக்குப் போனார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. "நான் குறட்டை விடறேன். நீயாவது நிம்மதியா தூங்கு," என்றார். அவர் குறட்டை இருபத்தைந்து வருடப் பழக்கம், அது திடீரென்று ஒரு நாளில் தொந்தரவாகுமா? மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்துக் கட்டில் அது, அவருக்கு முழங்காலுக்குக் கீழே வெளியே நிற்கும். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சரி என்றாள்.

பைக்கில் பின்னால் ஏறுவதையும் விட்டாள். உட்கார முடியவில்லை என்று சொன்னால் ஏன் என்பார், ஏன் என்றால் எதைச் சொல்வது? "உங்க வண்டி சீட்டு இடுப்ப ஒடிக்குது," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் நின்றுகொண்டு போனாள். பத்து நாளில் அவர் சீட்டைக் கழற்றி, தடித்த பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தி, துணியால் துடைத்து, ஒரு முறை அழுத்தியும் காட்டினார். அவள் பேருந்து வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

அச்சகத்தில் முதுகுவலி என்று சொல்லி மேசையை உயர்த்திக்கொண்டு நின்றபடியே வேலை பார்த்தாள். காலையில் அவர் போன பிறகு மகளுடைய அறைக்குப் போய்ப் போர்வையை மடிப்பாள். மடிக்க ஒரு நிமிடம் போதும், அவள் கால்மணி நேரம் நிற்பாள். போர்வையில் அவர் வாசனை இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கிற மனிதருக்காக இப்படி ஏங்குகிறோமே, கடல் கடந்து போனவர்களின் பெண்டாட்டிகளாவது கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துவிட்டுப் போர்வையை அலமாரியில் வைத்துச் சாத்துவாள்.

இரண்டு வருடம் தாண்டி ஒரு நாள் வெடிப்பில் ரத்தம் கசிந்து உடையில் தெரிந்துவிட்டது. வானொலிதான் முதலில் பார்த்தாள். கண் மருந்துத் தாளின் நடுவில் படிப்பதை நிறுத்திவிட்டு, தன் மேல்சட்டையைக் கழற்றி இவள் இடுப்பில் கட்டினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. பொழுதெல்லாம் ஓயாத அந்த வாய் வழியெல்லாம் மூடியே இருந்தது. தன் தங்கை பார்க்கிற பெண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

இந்த மருத்துவர் ஆற அமரப் பார்த்தார். அவள் கைப்பையில் கிடந்த பழைய சீட்டையும் வாங்கிப் பார்த்தார். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர்.

"இதுக்கு லைக்கன் ஸ்க்ளீரோசஸ்னு பேரு. ரெண்டு வருஷம் முன்னாடியே சரியான மருந்துதான் எழுதியிருக்காங்க. போட்டீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

அவள் பதினான்காவது வரியை ஒப்பித்தாள். பதினைந்து, பதினாறையும் சேர்த்து. பழக்க தோஷத்தில் ஒரு முற்றுப்புள்ளியையும் சொல்லிவிட்டாள்.

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "மனப்பாடமா?"

"அந்தத் தாளைச் சரிபாத்ததே நான்தாங்க."

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கும். யார் யாரோ எது எதுக்கோ வாங்கித் தடவிடுவாங்கன்னு பயந்து எழுதின தாள் அது. எழுதினவங்க உங்களப் பாக்கல. நான் பாத்துட்டேன்."

அந்த வாக்கியத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது தன்னைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மருத்துவர் தன் சுட்டுவிரலைக் காட்டினார். "அதே மருந்துதான். நுனியிலேருந்து முதல் கோடு வரைக்கும் மருந்த பிதுக்கினா, அதுல பாதி போதும். கண்ணாடி வெச்சிப் பாத்து, வெள்ளையா இருக்கற எடத்துல மட்டும் மெல்லிசா. மொத மாசம் தெனமும், ரெண்டாவது மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூணாவது மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள். அப்பறம் வந்து காட்டுங்க. சோப்பு கிட்டவே கொண்டு போகாதீங்க. கழுவறதுக்கும் ஒரு வழவழப்புக் களிம்பு எழுதித் தரேன். இறுக்கமா எதுவும் போடாதீங்க."

"சுத்தமில்லாம வந்ததா?"

"இல்ல. உங்க ஒடம்போட காவல்காரனே ஆள் தெரியாம உங்களையே அடிக்கறான்னு வெச்சிக்குங்க. யாருகிட்டேருந்தும் வரல, யாருக்கும் தொத்தாது."

"போயிடுமா?"

"அடங்கும். அடங்கின பிறகும் விடாம கவனிச்சிக்கிட்டே இருக்கணும். புத்துநோய் இல்ல, ஆனா கண்டுக்காம விட்டா அதுக்குச் சின்னதா ஒரு வாய்ப்பு இருக்கு. ஆறாத புண்ணோ கட்டியோ தட்டுப்பட்டா உடனே வரணும். வெளுப்பு கொஞ்சம் மாறலாம். ஒட்டிக்கிட்ட எடம் பிரியாது. மொதல்லயே போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர் மீதியைச் சொல்லவில்லை. அந்தக் கருணைக்காக அவருக்கு ஆயிரம் கும்பிடு போடலாம். மீதியை அவளே சொல்லிக்கொண்டாள், பேருந்தில் வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

எழும்போது மருத்துவர் கேட்டார். "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

அவள் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"அவரு தனியா ஒக்காந்து என்னென்ன நெனச்சிக்கிட்டு இருக்காரோ," என்றார் மருத்துவர்.

முதல் நாள் மருந்தைப் பிதுக்கி, விரல்கோட்டை இரண்டு முறை சரிபார்த்தாள். அது ஸ்டீராய்டு, ஸ்டீராய்டு என்றாலே திருடனை வீட்டுக்குள் விடுவதுபோல் பயந்து வளர்ந்தவள். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, விழித்துக் கொஞ்ச நேரம் என்னவோ குறைகிறதே என்று யோசித்தாள். அரிப்பு குறைந்திருந்தது. விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கியிருந்தாள். ஆறாவது வாரத்தில் அச்சகத்து மேசையைத் தாழ்த்தி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வானொலி பார்த்தும் பார்க்காததுபோல் கண் மருந்தைப் படித்துக்கொண்டு போனாள், குரல் மட்டும் ஒரு பிடி உயர்ந்திருந்தது.

அச்சகத்தில் தாளின் வாசகத்தை மாற்றப் பிழைதிருத்துபவளுக்கு அதிகாரம் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஒரு சீட்டில் எழுதி மருந்து கம்பெனிக்கு அனுப்பலாம். அவள் அனுப்பினாள். பதினான்காவது வரியில், மருத்துவர் பார்த்துச் சொன்னாலன்றி என்று சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாள். பத்து நாளில் பதில் வந்தது. அச்சுப்படி சரி, மாற்றம் இல்லை. கையெழுத்து எவருடையது என்றுகூடப் புரியவில்லை. பல்லை நறநறவென்று கடித்துவிட்டுச் சீட்டைக் கோப்பில் போட்டாள். அடுத்த மாதமும் அனுப்புவதாக இருந்தாள்.

அரிப்பு இருந்தவரை ஏக்கத்துக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. அரிப்பு போனதும் முழு வீட்டையும் அது எடுத்துக்கொண்டது. அவர் தண்ணீர் குடிக்க வந்தால், அவள் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு எட்டிக் குவளையை எடுத்தார். குறுகலான நடையில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட அதைவிட நெருங்கி இடித்துக்கொண்டு போகிறார்கள். அவர் முழங்கை ஒரு தரம் படாதா என்று அவள் வேண்டுமென்றே நடையின் நடுவில் நின்றிருக்கிறாள். அவரோ அவள் நகரும்வரை காத்திருந்தார்.

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தாள்.

"இங்க பாருங்களேன்."

"என்ன?"

"தண்ணி மோட்டார் போடணும்."

மூன்று முறையும் மோட்டார்தான். தொட்டி நிரம்பி வழிந்ததுதான் மிச்சம்.

அந்த இடத்துக்குப் பெயர் இல்லாமலா? மூன்று மொழியில் அதற்குப் பெயர் தெரியும், அச்சில் எத்தனை முறை பார்த்திருப்பாள். ஆனால் அதெல்லாம் வேறு யாருடைய உடம்புக்கோ எழுதிய பெயர்கள். தன்னுடையதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. கடைசியில், எந்த மொழியில் தனக்குத் தடுமாற்றமே வராதோ அந்த மொழியில் எழுதினாள். ஒரு தாளை எடுத்து, பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் எழுதி, எட்டாக மடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை டீயோடு அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"படிங்க."

லிஃப்டோடு வருகிற கையேட்டையே படிக்காத மனிதர் அவர். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். உதடு அசைந்தது. அவள் அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

*கணவருக்கான தகவல் தாள். தயவுசெய்து முழுவதும் படிக்கவும்.*

*இது என்ன: பெண்ணின் அந்தரங்க உறுப்பின் தோல் வெளுத்து, சுருங்கி, வெடிக்கிற நோய். அரிக்கும், எரியும். உட்கார்ந்தால் வலிக்கும். கணவன் மனைவியாக இருந்தால் மிகவும் வலிக்கும்.*

*இது எது அல்ல: தொற்று அல்ல. அசுத்தம் அல்ல. புற்றுநோய் அல்ல. உங்கள் மேல் வெறுப்பு அல்ல.*

*காணப்படும் பக்க விளைவுகள்: பொய் சொல்லுதல். பேருந்தில் நின்றுகொண்டே போதல். புது சீட்டு தைத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போதல். தோளில் வைத்த கையை உதறுதல், பிறகு தினமும் அதை நினைத்து வருந்துதல்.*

*சிகிச்சை: ஸ்டீராய்டு களிம்பு, விரல்நுனியில் பாதி. எட்டு வாரம் ஆகிறது. பலன் தெரிகிறது. நிறுத்தக் கூடாது. பழையபடி முழுவதும் ஆகாது என்று மருத்துவர் சொல்கிறார்.*

*வைத்திருக்கும் முறை: கணவரை அடுத்த அறையில் வைக்கக் கூடாது.*

அவர் படித்து முடித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

"அப்ப இது ரிப்பேர் இல்ல," என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "சர்வீஸ்."

"ஆமா."

"விடாம பண்ணிக்கிட்டே இருக்கணும்."

"ஆமா."

"அது எனக்குப் புரியும்." கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைத் துடைத்தார். "நான் என் மேல நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சேன். கிரீஸ் நாத்தம். ஒனக்குக் கொமட்டுது, சொல்ல முடியாம இருக்கன்னு. மூணு சோப்பு மாத்தினேன்."

அவள் துணியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் கையை இரண்டு வருடத்தில் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். விரல் கணுக்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை. அவள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தேய்த்தாள், இவர் வெளிக்குழாயடியில் நின்று தேய்த்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தங்களைத்தான் அழுக்கு என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது, அழுதாள்.

அவர் எழுந்து வந்தார். இரண்டடி தள்ளி நின்றார். தாள் கையிலேயே இருந்தது.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன?"

"எப்பத் தொடலாம்னு போடல."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். போடவில்லைதான். இருபத்தாறு வருடத்தில் அவள் கையைத் தாண்டிப் போன முதல் விடுபாடு, அதுவும் லிஃப்ட் மெக்கானிக் கண்டுபிடித்தது.

"எப்ப வேணா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் வேணாம். மத்தபடி எப்ப வேணா," என்றாள்.

"தோள்ல கை வெக்கட்டுமா?"

"வைங்க."

வைத்தார். புதிதாக வர்ணம் அடித்த சுவரில் வைப்பதுபோல் வைத்தார். எடுத்தும்விட்டார்.

அன்றே தலையணை திரும்பி வந்தது. ஆனால் ரயிலில் முன்பதிவு செய்த படுக்கையில் படுப்பதுபோல் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தன் ஓரத்தில் நேராகப் படுத்துக்கொண்டார். அப்படியே விடிந்தது.

"கையக் கட்டிக்கிட்டே தூங்கறீங்களே," என்றாள் ஒரு காலையில்.

"தூக்கத்துல மேல பட்டுடும்னு கட்டிக்கப் பழகினேன். அந்த ரூமுக்குப் போற வரைக்கும் ஒரு வாரம் இங்க அப்படித்தான் தூங்கினேன். அங்க தனியா படுக்கறப்பகூட அது போகல."

"படட்டும்."

"பாக்கறேன்," என்றார். பார்த்தார். முடியவில்லை.

எதற்கும் கேட்டார். பக்கத்தில் உட்காரட்டுமா, கையைப் பிடிக்கட்டுமா, வலிக்கிறதா, எடுத்துவிடட்டுமா. பழுதுபார்க்கிற லிஃப்டின் வாசலில் பலகை மாட்டிவிட்டு நிற்பதுபோல் அவளைச் சுற்றி நின்றார். மனிதர் நல்லவர், அதுதான் தொல்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள், ஒவ்வொரு சரியிலும் மனசு கொஞ்சம் விட்டுப்போயிற்று. அவளுக்கு வேண்டியிருந்தது அனுமதி கேட்கிற கை அல்ல. தன்னை மறந்து வருகிற கை. அதைக் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் அவர் நினைவு வைத்துக்கொண்டுதான் செய்வார். தோலுக்கு மருந்து இருந்தது, இதற்கு எந்தப் பெட்டியில் எந்தத் தாள்? அவர் பக்கத்தில் வந்த பிறகும் அவர் இல்லாததுபோல் ஏங்குவாள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

மூன்றாவது மாதம் முடிந்து மருத்துவரிடம் காட்டப் போகும் நாளில் தானும் வருவதாகச் சொன்னார். முந்தின நாள் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் கம்பிவடம் மாற்றுகிற வேலை, அன்றைக்கும் விடிகாலையிலேயே போய் மிச்சத்தை முடித்துவிட்டு, நேராக மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவள் சீட்டில் எண் நாற்பத்தொன்று. எண் கூப்பிடுகிற செவிலி கறாரானவள். மூன்று முறை கூப்பிடுவாள், எழாவிட்டால் சீட்டு கடைசிக்குப் போய்விடும், இரண்டு மணிநேரம் ஆனாலும் ஆகும். அவளோ அச்சகத்தில் பதினொரு மணி வரைதான் அனுமதி கேட்டிருந்தாள். அவசரத் தாள் ஒன்று காத்திருந்தது, வானொலி தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முப்பத்தைந்தாம் எண்ணைக் கூப்பிடும்போது அவருக்குக் கண் சொருகியது. கையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினார். தலை முன்னால் விழுந்தது, நிமிர்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. முப்பத்தெட்டில் இந்தப் பக்கம் சாய்ந்து, அவள் தோளில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. கேட்காமல் வந்த தலை. நல்ல கனம். கழுத்தில் அவர் மூச்சு சூடாகப் பட்டது. தன் உடம்பு விறைத்துக்கொள்கிறதா என்று அவள் கவனித்தாள். இல்லை. உடம்பு அந்தக் கனத்துக்கு வாகாகத் தன்னைத்தானே கொஞ்சம் தாழ்த்திக்கொண்டது.

நாற்பதில் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. ஒன்று அவர் மடியில் விழுந்தது. மற்றது அவள் தொடைமேல் விழுந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி கிடந்தது. கணுக்களில் புதுத் தோல் வந்திருந்தது.

"நாப்பத்தொண்ணு," என்றாள் செவிலி.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

"நாப்பத்தொண்ணு."

அவர் ஏதோ முனகிவிட்டு இன்னும் நெருங்கிச் சாய்ந்தார்.

"நாப்பத்தொண்ணு இருக்கீங்களா?"

பக்கத்து நாற்காலிப் பெண் எட்டி அவள் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். "ஏங்க, உங்க நம்பர்தானே கூப்பிடறாங்க?"

அவள் சீட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள், உதடு மட்டும் அசைய. "கொஞ்சம் மெதுவா பேசுங்க. தூங்கறார்."